ஒரே ஒரு தொட்டிச் செடிதானே, டாக்டர்?

கொஞ்ச நாளா இன்பாக்ஸில் ஒரே மாதிரி கேள்வி வருது. கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பையன்கள். "டாக்டர், ஆட்டோஃப்ளவர்னு ஒரு கஞ்சா விதை ஆன்லைன்ல காட்டுது. செடி சின்னதாத்தான் வளருமாம், ரெண்டு மூணு மாசத்துல பூத்து முடிஞ்சிருமாம். அது நிஜ கஞ்சாவே இல்ல, வேற இனம்னு சொல்றாங்க. பால்கனியில ஒரே ஒரு தொட்டி. யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளைக்காரனே 1894-ல கமிஷன் போட்டு, கெடுதல் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டானே?"

இதில் பாதி சரியான தகவல். சிக்கலே அங்கதான். பாதி சரியாகத் தெரிந்துகொண்டு வருபவரிடம் "கஞ்சா கெட்டது தம்பி" என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால், அவர் நேரே போய் ஆர்டர் போடுவார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுறேன், பொறுமையா படிங்க. எப்படி வளர்ப்பது என்று இந்த த்ரெட்டில் ஒரு வரியும் இருக்காது. அதைத் தேடி வந்தவங்க இங்கேயே இறங்கிக்கலாம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றைச் செடியை இந்த நாட்டின் சட்டமும் மருத்துவமும் 130 வருஷமாக எப்படிப் பார்த்து வந்திருக்கு என்பதுதான் விஷயம்.

எங்க பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போற வழியில, மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் அங்கே இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று கல்வெட்டே சொல்லுது. இதே ராஜா 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகமும் எழுதியிருக்கார். காஞ்சிபுரத்தில் குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன், தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று சண்டைக்கு இழுப்பான். கடைசியில் பார்த்தால் தூக்கிட்டுப் போனது ஒரு நாய்.

போதையைப் பார்த்துச் சிரிக்கிற ராஜா நமக்கு 1,400 வருஷத்துக்கு முன்னாடியே இருந்திருக்கார். ஆனா கவனிங்க, அந்த நாடகத்தில் போதை என்றால் மதுதான். "நம்ம முன்னோர்கள் எல்லாம் கஞ்சா அடிச்சவங்கதான்" என்று ஆரம்பிக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

அதுக்காக கஞ்சா நமக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தில் அதுக்கு 'கோரக்கர் மூலி' என்று பெயரே உண்டு. மதனகாமேஸ்வர லேகியம் கேள்விப்படாதவங்க குறைவு. 1813-ல் மதராஸில் அச்சான விட்லா எய்ன்ஸ்லியின் மருந்துப்பொருள் நூலில் இந்தச் செடி இருக்கு. 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னஸி இதை டெட்டனஸ், வெறிநாய்க்கடி, குழந்தைகளுக்கு வரும் வலிப்பு என்று நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். ஆங்கில மருந்துக் கடைகளுக்கு இது போனது அவர் வழியாகத்தான். அதே மனிதர்தான் பிறகு இந்தியாவுக்குத் தந்தி போட்டவர் என்பது தனிக் கதை.

சரி, செடிக்கு வருவோம். ஆட்டோஃப்ளவர் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? நமக்குத் தெரிந்த கஞ்சாச் செடி பகல் குறுகி, இரவு நீளும்போது பூக்கும். இதை 1912-லேயே ஜூலியன் டூர்ன்வா என்ற பிரெஞ்சுக்காரர் இதே செடியை வைத்துக் காட்டினார். 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அலார்ட் இருவரும் புகையிலையில் அதை நிரூபித்து பொது விதியாக்கினார்கள். 1924-ல் ரஷ்யாவின் வோல்கா நதிப் பக்கம் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர், சாலையோரக் களைச்செடியாக நின்ற ஒரு குட்டைக் கஞ்சாவுக்கு 'ருடராலிஸ்' என்று பெயர் வைத்தார். அது பகல் நீளத்தைப் பார்க்காது. வயது வந்தால் பூத்துவிடும்.

ஏன் அப்படி? அந்த ஊரில் கோடைப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். பகல் குறையட்டும் என்று காத்திருந்தால் உறைபனி வந்து செடியைக் கொன்றுவிடும். காத்திருக்காத செடி பிழைத்தது, அவ்வளவுதான். 2000-களின் தொடக்கத்தில் இந்தக் குணத்தைப் போதைச் செடியோடு கலந்து 'லோரைடர்' என்று ஒரு ரகம் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு ஆட்டோஃப்ளவர் என்று விற்பதெல்லாம் அந்த வழியில் வந்த கலப்புகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. செஞ்சியில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் கூட வராது. வோல்கா கரையில் அது எட்டு மணி நேரத்துக்கு மேல். ரஷ்யக் குளிருக்குப் பயந்து பிறந்த ஒரு குணத்தை விழுப்புரம் வெயிலுக்கு காசு கொடுத்து வாங்கச் சொல்றாங்க.

இப்போ 1894. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுறாங்க, ஆனா முழுசா படிச்சவங்க குறைவு.

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் என்ற மதுவிலக்கு ஆதரவாளர் ஒரு கேள்வி போட்டார். வங்காளத்தில் கஞ்சாப் பயிரும் அதன் விற்பனையும் மக்களை எப்படிக் கெடுக்குது என்று விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்றார். அரசாங்கம் அதை இந்தியா முழுக்க விரித்து, ஜூலையில் மேக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷனைப் போட்டது. மூணு பேர் இந்தியர்கள். நாடு முழுக்கச் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினாங்க. அதில் 335 பேர் மருத்துவர்கள், 144 பேர் பயிரிடுகிறவங்க. 1894 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. ஏழு தொகுதி, மூவாயிரம் பக்கத்துக்கு மேல். ஒரு வருஷத்தில் முடிச்சிருக்காங்க! இன்றைய கமிஷன்களை நினைத்துப் பார்த்துக்கோங்க.

ஒரு மருத்துவனா எனக்கு அதில் ரொம்பப் பிடித்த பகுதி மனநலக் காப்பகங்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் "கஞ்சா அடிச்சா பைத்தியம் பிடிக்கும்" என்பதற்கு ஆதாரமே காப்பகப் புள்ளிவிவரம்தான். கீழ்ப்பாக்கம் காப்பகம் 1871-லிருந்து இருக்கு, மற்ற மாகாணங்களிலும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரு பதிவேடு. அதில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம். கமிஷன் கேட்ட கேள்வி எளிமையானது: அந்தக் கட்டத்தை யார் நிரப்புறாங்க?

பதில் சங்கடமானது. தெருவில் திரிந்தவரைப் போலீஸ் பிடித்து வரும். காரணம் கேட்டால் போலீஸ் எதையாவது எழுதியாகணும். கஞ்சா என்று எழுதுவது சுலபம். மாஜிஸ்திரேட் அதை அப்படியே அனுப்புவார். காப்பகக் கண்காணிப்பாளர் அதைப் பதிவேட்டில் ஏற்றுவார். வருஷக் கடைசியில் அதுவே புள்ளிவிவரம் ஆகும்.

1892-ஆம் வருஷத்தில் நடந்த 1,344 சேர்க்கைகளைக் கமிஷன் எடுத்துக்கொண்டது. பதிவேடுகளின்படி 222 பேருக்குக் காரணம் கஞ்சா, பங்கு, சரஸ். ஒவ்வொரு கேஸாக ஊருக்குப் போய், குடும்பத்தை விசாரித்துப் பார்த்தபோது நின்றது 98 தான். அதிலும் வேறு காரணம் எதுவும் கலக்காமல் கஞ்சா மட்டும் என்று ஏற்க முடிந்தது 61. பாதிக்கும் மேல் அந்த ஒரு கட்டத்தில் பிறந்த பைத்தியங்கள்! இன்றைக்கும் கேஸ் ஷீட்டில் "ஹிஸ்டரி ஆஃப் சப்ஸ்டன்ஸ் யூஸ்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு மேலே யோசிக்காமல் விடுகிற ஜூனியர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

அப்போ கமிஷன் கெடுதல் இல்லைன்னு சொன்னது உண்மையா? பாதி. மிதமாகப் பயன்படுத்துவதால் உடலுக்கோ மனதுக்கோ குறிப்பிடத்தக்க கேடு இல்லை என்று எழுதினாங்க. அதே அறிக்கை, அளவு மீறினால் கேடு என்றும், மனம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கு அது புத்தி பேதலிக்க வைக்கலாம் என்றும் சொல்லுது. இந்தப் பகுதி ஃபார்வர்டில் வராது. இன்னொன்றும் வராது: இந்திய உறுப்பினர்கள் மூவரில் இரண்டு பேர், ராஜா சோஷி சிகரேஸ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும், கமிஷனின் முடிவுகளை ஏற்காமல் தனிக்குறிப்பு எழுதினாங்க. "வெள்ளைக்காரனே சொல்லிட்டான்" என்பது ஒரு விதத்தில் ரொம்பச் சரி. சொன்னது பெரும்பாலும் வெள்ளைக்காரன்தான்.

இப்போ தொட்டிச் செடிக்கு வாங்க. உபயோகிப்பதில் இவ்வளவு தாராளமாக இருந்த கமிஷன், கொல்லையில் வளரும் செடியை என்ன செய்யச் சொன்னது தெரியுமா? லைசென்ஸ் இல்லாமல் பயிரிடத் தடை போடு, பயிரைச் சில இடங்களில் மட்டும் குவி என்றது.

காரணம் உடல்நலத்தைவிட அதிகமாக வரி.

வங்காளத்தில் நௌகாவ் என்று ஒரு இடம், இப்போ பங்களாதேஷில் இருக்கு. அங்கே கஞ்சாவை அரசாங்கக் கண் முன்னாடியே விளைவிச்சாங்க. பெண் செடி கருவுற்று விதை பிடித்தால் சரக்கின் தரம் போய்விடும். அதனால் ஆண் செடியைப் பூக்கும் முன்பே அடையாளம் கண்டு பிடுங்கணும். அதுக்கென்றே 'பொத்தார்' என்று கைதேர்ந்த ஆட்கள் வயல் வயலாக நடந்தாங்க. விளைந்தது கிடங்குக்குப் போகும், எடை போடுவாங்க, வரி கட்டினால்தான் வெளியே வரும். ஒரே இடம், ஒரே பருவம், கண்ணுக்குத் தெரியும் உயரமான பயிர். வசூலிப்பது சுலபம்.

நம்ம சென்னை மாகாணம் இதற்கு நேர் எதிர். 1886 அப்காரிச் சட்டம் இருந்தது, ஆனா பிடி எல்லாம் கடை மேலதான். பயிர் மேல கட்டுப்பாடு ரொம்பத் தளர்வு. விற்பனைக்காகப் பெரிய அளவில் பயிரானது கிருஷ்ணா மாவட்டத்தில் சந்தராவூர், தக்குபாடு சுற்றுவட்டாரத்திலும், வட ஆற்காட்டில் ஜவ்வாது மலையிலும். மண்டகப்பட்டு அன்றைக்குத் தென் ஆற்காடு. இங்கிருந்து வடமேற்கே திருவண்ணாமலையைத் தாண்டினால் அந்த மலை. மற்றபடி மாகாணத்தில் அங்கங்கே வீட்டுக் கொல்லை, சாமியார் குடில் ஓரம் என்று ஒன்றிரண்டு செடி.

கமிஷனுக்குத் தலைவலி அந்த ஒன்றிரண்டு செடிதான். வரி ஏற்றினால் கடைச் சரக்கு விலை ஏறும். விலை ஏறினால் ஜனங்க கொல்லையில் நட்டுக்குவாங்க. அப்போ வரியும் போச்சு, விலையை வைத்து உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் யோசனையும் போச்சு. ஆகவே கொல்லைச் செடி போகணும். அறிக்கைக்குப் பின் வந்த வருஷங்களில் சென்னை மாகாணமும் லைசென்ஸ் முறைக்கு மாறி, மேலே சொன்ன அந்த ரெண்டு பகுதிக்குள் பயிரை ஒடுக்கியது.

ஆக, "ஒரே ஒரு செடி, யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்கு 1894-ன் பதில்: "சர்க்காருக்கு."

இன்றைய சட்டத்தின் பதில் வேற. 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. இந்தியா அதில் பேரம் பேசி, இலையை வரையறைக்கு வெளியே வைக்கவும், பழக்கத்தை நிறுத்த 25 வருஷ அவகாசம் வாங்கவும் செய்தது. வடக்கே பங்கு இன்னும் கடையில் விற்பதற்கு இதுதான் காரணம். பிறகு 1985 நவம்பர் 14 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்வது, அமலுக்கு வந்தது.

அதில் ஒரு முரண் இருக்கு. பூவோ காயோ உள்ள நுனிதான் 'கஞ்சா'. நுனி சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இதைப் படித்துவிட்டு "அப்போ விதை லீகல்தானே, செடியும் லீகல்தானே" என்று தாவுறாங்க. இல்லை. இலை கஞ்சா ஆகாமல் இருக்கலாம், ஆனா அந்தச் செடியைப் பயிரிடுவதே 20(ஏ) பிரிவில் தனிக் குற்றம். பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கையில் வைத்திருந்தால் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', தண்டனை ஒரு வருஷம் வரை. செடிக்கு அப்படி ஒரு படிக்கட்டை அந்தப் பிரிவு தரவில்லை. வாங்கி வைத்திருப்பவனைவிட ஒரு தொட்டி வளர்த்தவன் எழுத்தில் பெரிய குற்றவாளி. என்னைக் கேட்டால் ஒரு தொட்டிக்கு இது அதிகம். ஆனா ஜாமீன் மனுவை விசாரிக்கப் போவது நான் இல்லை.

"வேற இனம்" வாதமும் பழையது. 1970-களில் அமெரிக்க நீதிமன்றங்களில் வக்கீல்கள், "சட்டத்தில் கன்னாபிஸ் சட்டைவா என்றுதான் இருக்கு, என் கட்சிக்காரர் வைத்திருந்தது இண்டிகாவாக இருக்கலாம், ருடராலிஸாக இருக்கலாம், நிரூபியுங்கள்" என்று வாதாடினாங்க. ஹார்வர்டின் புகழ்பெற்ற தாவரவியலாளர் ரிச்சர்ட் ஷுல்டெஸ் போய்ச் சாட்சி சொன்ன காலம் அது. நம்ம சட்டத்தில் அந்த ஓட்டையே கிடையாது. 'கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்' என்பதுதான் வரையறை. குட்டையோ நெட்டையோ, பகல் பார்த்துப் பூப்பதோ பார்க்காமல் பூப்பதோ, எல்லாம் உள்ளேதான். உத்தராகண்டில் சணல் கஞ்சாவை நாருக்காகப் பயிரிட அனுமதி இருப்பது அரசு லைசென்ஸின் பேரில். அதைக் காட்டி விழுப்புரத்தில் தப்ப முடியாது.

இனி என் துறை. 1894-ல் ஊர்ச்சாவடியில் சிலும் பிடித்த நடுவயது ஆளைப் பார்த்து எழுதிய "மிதமான உபயோகம்" இன்றைக்கு 19 வயதுப் பையனுக்குப் பொருந்துமா?

அவங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் இப்போ நமக்குத் தெரியும். போதை தரும் டி.எச்.சி. 1964-ல்தான் பிரித்து எடுக்கப்பட்டது. அது போய் ஒட்டும் இடங்கள் நம்ம மூளையிலேயே இருக்கு. அந்த இடங்களுக்காக உடம்பே தயாரிக்கும் பொருளை 1992-ல் கண்டுபிடித்து, சமஸ்கிருத 'ஆனந்த'த்திலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். மூளை முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நாம் வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொட்டுறோம்.

1987-ல் வெளியான சுவீடன் ஆய்வு 45,570 ராணுவச் சேர்ப்பு இளைஞர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்தது. சேரும்போதே 50 தடவைக்கு மேல் உபயோகித்திருந்தவர்களுக்குப் பின்னாளில் ஸ்கிசோஃப்ரீனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஆறு மடங்கு. வேறு காரணங்களைக் கழித்தால் அது குறையும், ஆனா மறையாது. 2019-ல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு, தினமும் வீரியமான சரக்கை எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றது. அதில் 'வீரியம்' என்று வைத்த கோடு பத்து சதவீத டி.எச்.சி.

அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கின் சராசரி 1995-ல் 4 சதவீதம், 2014-ல் 12. ருடராலிஸ் காட்டுச்செடியில் டி.எச்.சி. ரொம்பக் குறைவுதான், அது உண்மை. ஆனா இன்றைய ஆட்டோஃப்ளவர் அந்தக் காட்டுச்செடி கிடையாது. பூக்கும் அவசரத்தை மட்டும் ரஷ்யாவிலிருந்து எடுத்துக்கொண்டு, போதையை வேறு பக்கமிருந்து ஏற்றியிருக்காங்க. விற்கிறவங்களே 20 சதவீதத்துக்கு மேல் என்று பெருமையாகப் போடுறாங்க. செடியின் உயரத்தை வைத்து வீரியத்தைக் கணிக்காதீங்க.

எல்லாருக்கும் வருமா? வராது. பெரும்பாலானவர்களுக்கு வராது, அதை மறைக்க விரும்பலை. ஆனா யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல என்னிடம் எந்த டெஸ்டும் இல்லை. அப்பா, அம்மா, அண்ணன், சித்தப்பா, மாமா என்று குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், இந்தக் கதவுப் பக்கமே போகாதீங்க. "மாமா கொஞ்சம் ஒரு மாதிரி, தனியா பேசிட்டு இருப்பார்" என்று வீட்டில் பூசி மெழுகுவதும் இதில் சேர்த்திதான்.

ஏற்கெனவே பழக்கத்தில் இருந்து, நிறுத்த முடியாமல் தவிப்பவர்களுக்கு. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்த குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சுமத்தப்பட்டால், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து அதை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. இதுவும் கவனிங்க, பயிரிட்ட குற்றத்துக்கு இந்தப் பிரிவு குடை பிடிக்காது. தொட்டி வைத்தவன் தனக்கு இருந்த ஒரே குடையையும் தானே மடக்கி வைக்கிறான்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சென்னையில் இருப்பவங்க கீழ்ப்பாக்கத்திலும் பார்க்கலாம். போய்ப் பேசவே தயக்கமா இருந்தா டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம், காசு கிடையாது.